மேலே இருப்பது வடக்கன்று, மேற்கு!

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றனுள் நுழைந்து, ஐந்தாம் வகுப்புக் குழந்தையை எழுப்பி நிறுத்தி, "வடக்கு எது?" என்று கேட்டுப் பாருங்கள். கையை உயர்த்திக் கூரையைக் காட்டும் குழந்தை எந்த வகுப்பிலும் உண்டு. இது நகைத்துவிட்டுப் போவதற்குரிய செய்தியன்று. அக்குழந்தை கல்லாமையால் கூரையைக் காட்டவில்லை; கற்றமையாற் காட்டுகிறது. பள்ளிக்கு வராத ஆட்டுக்காரச் சிறுவன் ஒருவனைக் கேட்டால், ஞாயிறு எழும் திசையைப் பார்த்து நின்று, இடக்கையை நீட்டி வடக்கைக் காட்டிவிடுவான். ஐந்தாண்டு படித்த குழந்தைக்கு மட்டும் வடக்கு கூரைமேல் ஏறிக்கொண்டது எங்ஙனம்?

சுவரில் ஓர் ஆணி அறையப்பட்டிருக்கிறது. அதில் நிலப்படம் தொங்குகிறது. "மேற்பக்கம் வடக்கு, கீழ்ப்பக்கம் தெற்கு, வலம் கிழக்கு, இடம் மேற்கு" என்று ஆசிரியர் சொல்கிறார். குழந்தைகள் ஒருவாயாகத் திருப்பிச் சொல்கின்றன. தேர்வில் அதையே எழுதி மதிப்பெண்ணும் பெறுகின்றன. படம் தரையைக் குறிப்பது, தரை காலடியில் விரிந்து கிடக்கிறது என்னும் உண்மையை எவரும் காட்டுவதில்லை. ஆகவே குழந்தைக்கு வடக்கு வானத்தில் இருக்கிறது. தெற்கு தரைக்கடியில் இருக்கிறது. கொள்ளிடம் எங்கே என்றால் சுவரின் அடியைக் காட்டுகிறது.

இக்கேட்டினுள் மற்றொரு கேடும் மறைந்து கிடக்கிறது. தமிழ்க் குழந்தைக்கு 'மேல்' என்றால் வடக்கன்று, மேற்கு. மேற்கு என்னும் சொல்லிலேயே மேல் இருக்கிறது. கிழக்கு என்னும் சொல்லிலேயே கீழ் இருக்கிறது. இதனை ஒப்பிலக்கண அறிஞர் கால்டுவெல் எடுத்துக்காட்டினார். மொழிஞாயிறு பாவாணரும் நிறுவினார். தமிழ்நிலம் மேற்கே மலையாக உயர்ந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிந்து கிடக்கிறது. அந்தச் சரிவைக் காலால் நடந்தறிந்த மக்கள் உயர்ந்த பக்கத்தை மேற்கு என்றும், தாழ்ந்த பக்கத்தைக் கிழக்கு என்றும் அழைத்தனர். எந்த நூலையும் பார்த்து இட்ட பெயரன்று இது. நிலமே இட்ட பெயர்.

இதற்கு வலுவான சான்று மலைக்கு அப்பால் இருக்கிறது. கேரளத்தில் மலை நிற்பது கிழக்கே. கடல் கிடப்பது மேற்கே. அங்கே நிலம் மேற்கு நோக்கித்தான் சரிகிறது. இருந்தும் ஞாயிறு எழும் திசைக்கு அங்கும் கிழக்கு என்பதே பெயர். உயர்ந்து நிற்கும் மலைப்பக்கத்தைக் 'கீழ்' என்று அம்மக்கள் அழைக்கக் கரணியம் யாது? அச்சொல் மலைக்கு இப்பால், கிழக்கே தாழ்ந்த நிலத்தில் பிறந்து, பேசிய மக்களோடு மலை கடந்து சென்றது என்பதே. ஒரு திசைச்சொல் ஓரினத்தின் வரலாற்றையே சுமந்து செல்கிறது. அத்தகைய சொல்லை வைத்துக்கொண்டு, அதன் பொருளுக்கு முரணாகவே தமிழ்க் குழந்தைக்குத் திசை கற்பிக்கப்படுகிறது.

பெரம்பலூரில் இப்பொருளை விளக்க நூலே வேண்டா. மேற்கே பச்சைமலை நிற்கிறது. அங்கே பிறக்கும் மருதையாறு கிழக்கு நோக்கி இறங்கி ஓடி, கொள்ளிடத்தில் கலக்கிறது. அரியலூர் மாவட்டத்தில் மேலப்பழுவூர் உண்டு, கீழப்பழுவூரும் உண்டு. அப்பெயர்களைக் கேட்ட வெளியூரார் ஒன்று மேட்டிலும் மற்றொன்று பள்ளத்திலும் இருப்பதாக எண்ணக்கூடும். தமிழறிந்தவர்க்கு ஒன்று மேற்கு, மற்றொன்று கிழக்கு. மலையும் ஆறும் ஊர்ப்பெயரும் ஒரே பாடத்தைச் சொல்லிக்கொண்டிருக்க, சுவர்ப்படம் மட்டும் வேறொன்றைச் சொல்கிறது.

வடக்கை மேலே வைத்து வரைவது இயற்கைச் சட்டமன்று, வெறும் வழக்கம். 1154-இல் அல் இத்ரீசி என்னும் அரபு அறிஞர் வரைந்த உலகப்படத்தில் தெற்கே மேலே இருந்தது. இடைக்கால ஐரோப்பியர் வரைந்த உலகப்படங்கள் பலவற்றில் கிழக்கே மேலே இருந்தது. இன்று உலகெங்கும் வடக்கு மேலே வரையப்படுகிறது. அவ்வழக்கத்தை மாற்ற வேண்டுமென்று எவரும் கேட்கவில்லை. கேட்பதெல்லாம் ஒன்றே: தொடக்க வகுப்பில் படத்தைச் சுவரிலிருந்து இறக்குங்கள், தரையில் விரியுங்கள், படத்தின் வடக்கை நிலத்தின் வடக்கோடு பொருத்துங்கள். அவ்வாறு விரித்த படத்தில் மேலும் இல்லை, கீழும் இல்லை. நான்கு திசை மட்டுமே உண்டு.

இதற்கு முன், திசையையே குழந்தை தானாகக் கண்டறிய வேண்டும். பள்ளி முற்றத்தில் ஒரு கோல் நடுக. அதைச் சுற்றி ஒரு வட்டம் இடுக. முற்பகலில் கோலின் நிழல்நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு கல். பிற்பகலில் மீண்டும் தொடும் இடத்தில் மற்றொரு கல். இரண்டு கல்லையும் நூலால் இணைத்தால் அதுவே கிழக்கு மேற்கு. திசைகாட்டி வேண்டா; செலவும் வேண்டா. கோல் நட்டு நிழல் பார்த்துத் திசை தேர்ந்து அரண்மனைக்கு மனை வகுத்த செய்தியை நெடுநல்வாடை கூறுகிறது. கழகக் காலத் தமிழர் அறிந்திருந்ததை இற்றை ஐந்தாம் வகுப்பு அறியாதிருப்பது யார் குற்றம்?

அடுத்தது மேலிருந்து பார்க்கும் பார்வை. வானில் வட்டமிடும் பருந்து இப்பள்ளியை எவ்வாறு காணும் என்று குழந்தையைக் கேட்க வேண்டும். ஒரு தீப்பெட்டியைத் தாள்மேல் வைத்து அதன் ஓரத்தைச் சுற்றி எழுதுகோலால் வரையச் சொல்ல வேண்டும். பெட்டியை எடுத்துவிட்டால் எஞ்சுவது அதன் நிலப்படம். பிறகு வகுப்பறை, பத்தடி எடுத்து வைத்தால் தாளில் ஒரு விரலளவு என்று குழந்தையே ஓர் அளவை அமைத்துக்கொள்ளும். பிறகு தெரு, ஏரி, கோயில், பங்கீட்டுக்கடை, பேருந்து நிற்குமிடம் ஆகியவற்றுக்குக் குறியிட்டு, ஓரத்தில் குறிவிளக்கம் எழுதும். தன் ஊரைத் தானே வரைந்த குழந்தைக்குத்தான் பிறர் வரைந்த படம் பேசும்.

அதன் பிறகே மாவட்டப் படம். பெரம்பலூர் வழியே சென்னை–திருச்சி நெடுஞ்சாலை செல்கிறது. தொடர்வண்டிப் பாதையோ அரியலூர் வழியே செல்கிறது. இவ்விரண்டு கோட்டையும் விரலால் தொட்டுச் சென்ற குழந்தை, தன் தந்தை எவ்வழியில் வெளியூர் போய் வருகிறார் என்பதைப் படத்தில் காணும். மருதையாற்றின் மீதும் அவ்விரல் செல்ல வேண்டும். கோடையில் மணல் மட்டும் கிடக்கும் அவ்வாறு, 1956-ஆம் ஆண்டு நளித் திங்களில் பெருவெள்ளமாகி அரியலூர் அருகே இருப்புப்பாதைப் பாலத்தைக் குலைத்தது. தொடர்வண்டி கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மலையில் பெய்த மழை எவ்வழியே யார் வீட்டுக்கு வருகிறது என்பதைப் படத்தில் படிக்கக் கற்பது உயிர்காக்கும் கல்வி.

இனி, ஞாலவுருண்டைக்கு வருவோர் முதலில் முட்டிக்கொள்வது சொற்களின் மேல். அட்சரேகை, தீர்க்கரேகை, கடகரேகை, மகரரேகை! இச்சொற்களைக் கேட்ட குழந்தை எதையேனும் காண முடியுமா? 'அட்ச' என்பது அக்குழந்தையின் வீட்டிலும் இல்லை, வயலிலும் இல்லை; இருந்தால் திருமண வீட்டு அட்சதையாக இருக்கும். ரேகையை அட்சக்கோடு, தீர்க்கக்கோடு எனப் பாதி திருத்தியதும் பயன்படவில்லை. தலை வடமொழியாகவும் வால் தமிழாகவும் ஒரு சொல் நிற்கிறது. ஈழத்தமிழர் தம் பள்ளிகளில் அகலாங்கு, நெட்டாங்கு என வழங்குகின்றனர். அகலம் எதுவென்று அறியாத குழந்தை உண்டா? நெடுமை எதுவென்று அறியாத குழந்தை உண்டா? சொல்லைக் கேட்டவுடன் கை தானாகவே உருண்டையின் குறுக்கே ஒரு முறையும் நெடுக ஒரு முறையும் செல்லும். மகரரேகைக்குச் சுறவக்கோடு என்க. தைத் திங்களைச் சுறவம் என வழங்கும் தமிழ் வீட்டுக் குழந்தைக்கு அது புதுச்சொல்லும் அன்று.

தனித்தமிழ்ச் சொல்லை வேண்டுவது வெறும் மொழிப்பற்றால் என்று பழிப்போர் உளர். மொழிப்பற்றாயினும் அது பழியன்று. ஆனால் ஈண்டு எழும் வினா கல்வி பற்றியது. பொருள் விளங்கும் சொல் பாதிப் பாடத்தைத் தானே நடத்தும். பொருள் விளங்காச் சொல்லோ பாடத்தைத் தொடங்குமுன்பே குழந்தையை நெட்டுருவில் தள்ளும். காற்றுக்குப் பெயரிட்ட பழந்தமிழர் திசையைப் பாராமல் பெயரிட்டாரா? கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். முகத்தில் பட்ட காற்றைக் கொண்டே திசை சொல்லும் நான்கு சொற்கள் கையிலிருக்க, அவை செய்யுட் பகுதியோடு நின்றுவிடுகின்றன; புவியியல் வகுப்பின் வாயிலை மிதிப்பதில்லை.

ஞாலவுருண்டையையும் தொலைவிலிருந்து தொடங்குவது தவறு. குழந்தை நிற்கும் இடத்திலிருந்தே தொடங்க வேண்டும். பெரம்பலூரும் அரியலூரும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் உள்ளன. இவ்வெண்ணை உருப்போடத் தேவையில்லை, வானத்தில் காணலாம். இரவில் வெள்ளாற்றுப் பக்கம் திரும்பி நின்று, கையை நீட்டி முட்டியை மடக்கி அடிவானத்தின்மேல் வைத்தால், அம்முட்டியின் உயரம் ஏறத்தாழ 10 பாகை. அதற்குச் சற்று மேலே நிற்பது வடமீன். வடமீனின் உயரமே அவ்வூரின் அகலாங்கு. கடலோடிகள் இரவில் கண்ட கணக்கு இது. குழந்தையின் கை முட்டிக்குள் அடங்குகிறது.

பகலிலும் சான்று உண்டு. மேழத் திங்கள் முதற்கிழமையிலும் மடங்கல் திங்கள் இரண்டாங் கிழமையிலும் உச்சிப்போதில் கதிரவன் இவ்வூர்களின் தலைக்கு நேர்மேலே வருகிறது. முற்றத்துக் கோலுக்கு அன்று உச்சியில் நிழல் இல்லை. அவ்விரு நாள்களுக்கும் இடையிலான நான்கு திங்களும் உச்சி நிழல் தெற்கே விழும். எஞ்சிய காலம் வடக்கே விழும். ஐரோப்பாவில் உச்சி நிழல் ஆண்டு முழுதும் வடக்கே விழும். அந்நாட்டு நூலைப் பார்த்தெழுதிய பாடம் இந்நாட்டு முற்றத்தில் பொய்த்துப்போகும். தன் முற்றத்துக் கோலைப் பார்க்காத கல்வி பிறன் முற்றத்து நிழலைத்தான் மனத்தில் வாங்கும்.

நெட்டாங்கும் இவ்வாறே. ஞாலம் ஒரு நாளில் 360 பாகை சுழல்கிறது. ஒரு பாகைக்கு நான்கு மணித்துளி. இந்தியா முழுமைக்கும் நேரம் வகுக்கப்படுவது வடநாட்டில் மிர்சாப்பூர் அருகே செல்லும் 82½ பாகைக் கோட்டைக் கொண்டு. அரியலூர் இருப்பதோ 79 பாகையில். மூன்றரைப் பாகைக்குப் பதினான்கு மணித்துளி. ஆகவே மணிப்பொறி பன்னிரண்டு அடிக்கும்போது அரியலூரில் உச்சிப்போது வருவதில்லை. கோலின் நிழல் மிகக் குறுகுவது பொதுவாகப் பன்னிரண்டே காலுக்கு அணித்தாக. சில திங்களில் முன்பின்னாகும். மணிப்பொறி காட்டுவது வடநாட்டு நேரம், கோல் காட்டுவது சொந்த ஊரின் நேரம் என்று தானே கண்ட குழந்தைக்கு நெட்டாங்கு ஒருநாளும் மறக்காது.

உருண்டையைத் தட்டைப்படமாக்கினால் நேரும் பொய்யையும் சொல்லித்தர வேண்டும். ஒரு நாரத்தையின் தோலை உரித்துப் பலகைமேல் அழுத்தினால் கிழியும். கிழியாமல் பரப்ப வேண்டுமாயின் இழுக்க வேண்டும். 1569-இல் மெர்க்கேட்டர் வகுத்த முறையில் வரைந்த சுவர்ப்படம் வடகோடியை அவ்வாறு இழுத்துப் பெருக்கிக் காட்டுகிறது. அதில் கிரீன்லாந்து இந்தியாவைவிடப் பன்மடங்கு பெரிது. உருண்டையில் அது இந்தியாவைவிடச் சிறிது. வடக்கே இருப்பவன் பெரியவன் என்று சுவர் சொல்லும் பொய்யை உருண்டை ஒரு நொடியில் உடைத்துவிடும். அவ்வுருண்டையிலேயே கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து கடாரத்துக்கு ஒரு நூலை இழுத்துப் பிடிக்கச் செய்க. அரியலூர் மாவட்டத்திலுள்ள அத்தலைநகரிலிருந்து ஆண்ட இராசேந்திரன் 1025-இல் கலம் செலுத்தி வென்ற நாடு அது. வரலாறு அப்போது கதையாக இராது. விரலிடை நூலாக இருக்கும்.

இவ்வளவு வலியுறுத்துவது ஏன்? நிலப்படம் படிக்கத் தெரியாத இனம் நிலத்தை இழக்கும் என்பதனால். 1086-இல் இங்கிலாந்தில் வில்லியம் மன்னன் நாட்டை அளந்து பதிவு செய்தான். அதே ஆண்டில் கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட முதற் குலோத்துங்கன் சோழநாட்டை அளந்தான். அன்று அளவுகோல் தமிழன் கையில் இருந்தது. 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடிட்டு இலாம்டன் அளக்கத் தொடங்கியபோது கோல் வெள்ளையன் கைக்குப் போயிருந்தது. அளந்தவனே ஆண்டான், ஆண்டவனே பெயரும் இட்டான். தூத்துக்குடி டூட்டிக்கொரின் ஆயிற்று. தரங்கம்பாடி டிராங்குபார் ஆயிற்று.

பெரம்பலூர், அரியலூர் மண்ணே இதற்கு மற்றொரு சான்று. பைஞ்சுதை ஆலைகள் இன்று தோண்டும் சுண்ணக்கல், பல கோடி ஆண்டுகட்கு முன் இந்நிலத்தை மூடியிருந்த கடலின் படிவு. காரை அருகே அக்கடலின் கிளிஞ்சல்கள் கல்லாகிக் கிடக்கின்றன. சாத்தனூரில் ஏறத்தாழ 18 மீட்டர் நீள அடிமரம் கல்லாகிக் கிடக்கிறது. அப்படிவுகளுக்கு நிலவியலார் இட்ட பெயர்களில் ஒன்று அரியலூர். மற்றொன்று ஊட்டத்தூர், வெள்ளையர் எழுத்தில் அது 'உத்தத்தூர்' ஆகி அவ்வாறே உலக நூல்களில் நிலைத்துவிட்டது. தன் ஊர்ப்பெயர் உலக அறிவியலில் இருப்பதை அவ்வூர்க் குழந்தை அறியவில்லை. அறிந்தாலும் சிதைந்த உருவில் அடையாளம் காண முடியவில்லை.

அரியலூரை அடுத்த கல்லக்குடியை டால்மியாபுரம் என்று எழுதியதை எதிர்த்து 1953-இல் தமிழர் தண்டவாளத்தில் படுத்தனர். ஒரு பெயருக்காக உயிரையும் ஈந்தனர். 2020-இல் 1018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப ஆங்கிலத்தில் எழுத வேண்டுமென்று தமிழ்நாட்டரசு ஆணையிட்டது; அவ்வாணை சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. பெயரை மீட்பது ஆணையால் மட்டும் ஆகாது. அப்பெயரைப் படத்தில் தேடும் கண்கள் வேண்டும்.

கோடுகளும் அவ்வாறே. அரியலூரில் ஒரே வீட்டில் பாட்டன் திருச்சி மாவட்டத்தில் பிறந்தான். 1995-க்குப் பின் பிறந்தவன் பெரம்பலூர் மாவட்டத்தான். 2001-இல் பிறந்தவன் அரியலூர் மாவட்டத்தான். 2002-இல் அம்மாவட்டம் மீண்டும் பெரம்பலூரோடு சேர்ந்தது. 2007-இல் மறுபடியும் பிரிந்தது. வீடு நகரவில்லை, கோடு நகர்ந்தது. மலையும் ஆறும் இயற்கை வரைந்தவை, எல்லைக்கோடு மாந்தர் வரைவது என்பதைக் கற்பிக்க இதனினும் சிறந்த பாடம் வேறெங்கும் இல்லை. இப்பாடத்தைக் கற்ற குழந்தைக்கே 1956-இல் தேவிகுளமும் பீர்மேடும் எவ்வாறு கேரளத்தோடு நின்றன, 1960-இல் திருத்தணி எவ்வாறு மீண்டது, 1974-இல் கச்சத்தீவு எவ்வாறு ஒரு கோட்டுக்கு அப்பால் போயிற்று என்பன விளங்கும். கோடு வரைபவன் கையில் எழுதுகோல் இருக்கும்போது படம் படிக்கத் தெரிந்தவன்தான் அக்கையைப் பிடித்து நிறுத்த முடியும்.

"கைப்பேசியே வழி காட்டுகிறதே, இனி எதற்கு இது?" என்பார் சிலர். கைப்பேசி 'வலம் திரும்பு, இடம் திரும்பு' என்று ஏவும். ஏவலுக்கு நடப்பவன் வழியை அறிவதில்லை. ஊர் ஏரியின் பழைய கரை எது, இன்று எவன் வேலி எதுவரை வந்திருக்கிறது என்பதை அது தானாக எடுத்துச் சொல்லாது. "தேர்வில் அட்சரேகை என்றுதானே கேட்பார்கள்?" என்பார் வேறு சிலர். பாடநூலைத் திருத்தினால் தேர்வும் திருந்தும். அதுவரை, பொருளை அகலாங்கு என்று விளக்கி, பாடநூற் சொல்லை வேற்றுச்சொல்லென அறிமுகப்படுத்துவதைத் தடுப்பவர் எவர்? "தொடக்கப்பள்ளியில் கருவிகள் இல்லையே" என்பார் மற்றுஞ் சிலர். ஒரு கோல், ஒரு சுண்ணக்கட்டி, ஒரு முழ நூல், ஒரு நாரத்தை. இவை இல்லாத ஊரும் தமிழ்நாட்டில் உண்டோ?

ஆசிரியப் பெருமக்களே! ஆணியில் தொங்கும் படத்தை இறக்கித் தரையில் விரியுங்கள். பெற்றோரே! உங்கள் குழந்தையை மாடிமீதோ மேட்டின்மீதோ நிறுத்தி நாற்றிசையும் காட்டுங்கள். பாடநூல் எழுதுவோரே! குழந்தை அறிந்த சொல்லால் குழந்தை நிற்கும் நிலத்திலிருந்து தொடங்குங்கள். பின்னர் அதே குழந்தையை எழுப்பிக் கேளுங்கள். மேற்கு எது? பச்சைமலைப் பக்கம். கிழக்கு எது? ஆறு இறங்கிப் போகும் கடற்பக்கம். தெற்கு எது? கொள்ளிடம். வடக்கு எது? அக்குழந்தை கூரையைப் பார்க்காது. வெள்ளாற்றை நோக்கிக் கையை நீட்டும். காலடி நிலத்தை அறிந்த அந்தக் கை, நாளை அந்நிலத்தின்மேல் பிறர் கோடு கிழிக்க வரும்போது அவரைத் தடுக்கவும் நீளும்.